விரிக்காத பாய்

பாயை விரித்துவிட வேண்டியதுதான், வேறொன்றுமில்லை. சுருட்டிய கோரைப்பாய் சுவரோரம் நிற்கிறது, கத்தரிக்கோல் மடியில் கிடக்கிறது, எதிரே கூண்டு, கூண்டுக்குள் ரவை, முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசாகக் கிடக்கிறது. ஆனாலும் இந்திராணி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ரவை என்பது முயலின் பெயர். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. வறுக்க ஆரம்பித்ததும் வாசலில் யாரோ கூப்பிட்டதால் பாதியில் இறக்கி வைத்த ரவையின் நிறம் அதற்கு. பெயர் வைத்தவள் கூடவே குடியிருந்த வனரோஜா. அவள் நாற்பது தாண்டின வயசில் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். முயல் இந்த உறையூர் மாடிப் போர்ஷனிலேயே தங்கிவிட்டது. இந்திராணியும்தான். அந்த முயல் இப்போது பின்னங்கால் ஒன்றைக் கம்பியிலிருந்து தூக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்து, திரும்ப அதே கம்பியில் வைத்தது. பிறகு மற்றக் காலைத் தூக்கியது. வெயிலில் செருப்பைத் தொலைத்துவிட்டுக் கோயில் பிராகாரத்தில் நிற்கிறவர்கள் இப்படித்தான் கால் மாற்றுவார்கள். விரிடி, விரிச்சுத் தொலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை எழவில்லை. எழாததற்குக் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் கஷ்டம். தெரியாமல் இருந்திருந்தால் சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டிருக்கலாம்.

கூண்டு ஒன்றும் கடைச் சரக்கில்லை. பழைய டீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன் நாலு காலையும் தூணாக்கி, சுற்றிலும் கம்பி வலை அடித்து, இரண்டு பேருமாகச் செய்தது. வலையை வெட்டியது வனா, பிடித்துக்கொண்டது இந்திராணி. எந்த வேலையிலும் அப்படித்தான். வனா வெட்டுவாள், தைப்பாள், சண்டை போடுவாள், இந்திராணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முயல் விற்ற பண்ணைக்காரர், தரைக்கும் வலையே போட்டுடுங்கம்மா, புழுக்கையெல்லாம் கீழ விழுந்துடும், கூட்டுற வேலையே இருக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கென்ன, அவர் வளர்க்கிற முயலுக்கு ஆயுசே சில மாசம், பாதம் தேய்கிறதுக்குள் கறிக்குப் போய்விடும். இவர்களுக்கு அது தோன்றவில்லை. பலகைக்கு ஒரு சாண் மேலே வலையை இழுத்துக் கட்டி, கீழே பழைய பேப்பரைப் போட்டு, அப்பாடா என்று இரண்டு பேரும் காபி குடித்தார்கள். வீடு நாறவில்லை, வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்தவில்லை, அதுவே பெரிய சாதனையாக இருந்தது. புழுக்கை எங்கே விழுகிறது என்று பார்த்தார்களே தவிர பாதம் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. வனா போனபிறகு ஒருநாள் கீரை கொடுக்கையில்தான், பின்னங்காலில் ரோமம் தேய்ந்து ரோஜா நிறத்தில் தோல் தெரிவதை இந்திராணி கவனித்தாள். அப்புறம் அது புண்ணானது. கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா முயலை மல்லாக்கப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாய் பூனைக்கு இருக்கிற மாதிரி பாதத்துல மெத்தை இதுக்குக் கிடையாதும்மா, ரோமம்தான் செருப்பு, அதையும் கம்பி உரிச்சுடுச்சு என்றாள். களிம்பு கொடுத்தாள். தரையை மாத்துங்க, மெத்துன்னு இருக்கணும், வழுக்கக் கூடாது, கடிச்சுத் தின்னாலும் வயித்துக்குக் கெடுதல் பண்ணக் கூடாது, அப்படி ஒண்ணாப் பாத்துப் போடுங்க என்றாள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

சுலபமாகத்தான் இருந்திருக்கும், புண்ணைப் போட்டோ எடுத்து வனாவுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால். வனாவும் இவளும் ஒன்றாக இருந்த வருஷங்கள் கொஞ்சமில்லை. சின்னக்கடை வீதியில் இந்திராணி வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துத் தையல் கடையில் வனா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். டீக்கு நின்று பழகி, பவர் கண்ணாடிக்கு உறை தைக்கச் சொல்லிப் பழகி, கடைசியில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பு என்றாகிவிட்டது. வரன் பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் மறந்தே போன பிறகு, ஓசூரிலிருந்து அந்த மனுஷர் வந்தார். மனைவியை இழந்தவர், லாரி புக்கிங் ஆபீஸ், இரண்டு பிள்ளைகள். நல்ல மனுஷர், ஒரு குறை சொல்ல வழியில்லை. இந்திராணி தேடித்தேடிப் பார்த்துவிட்டாள், ஒன்றும் அகப்படவில்லை. கிளம்புகிற அன்றைக்கு வனா, அங்க தெருவெல்லாம் நாய்டி, இதைக் கொண்டுபோனா ஒரு வாரம் தாங்காது, நீயே வச்சுக்கோ, நான் அடிக்கடி வந்து பாத்துக்கறேன் என்றாள். முயலை வந்து பார்ப்பாளா, தன்னை வந்து பார்ப்பாளா என்று கேட்டிருக்கலாம். பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் அது தோன்றியது. பஸ் போனபிறகு தோன்றியதையெல்லாம் சேர்த்தால் இந்திராணியிடம் ஒரு மூட்டை தேறும். முதலில் தினமும் போன் வந்தது. அந்த வீட்டில் தண்ணீர் உப்பு, சின்னவன் பூண்டைப் பொறுக்கி ஓரம் வைக்கிறான், பெரியவள் சித்தி என்று கூப்பிட ஒரு வாரம் பிடித்தது, இவர் சாப்பிடும்போது பேசுவதே இல்லை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் சிலது சும்மா போயின. கோபப்பட என்ன இருக்கிறது, வீடு நிறைய ஆள் இருந்தால் அப்படித்தான். இவள் கூப்பிடலாமே என்றால், கூப்பிட்டு என்ன சொல்வது. கடைக்குப் போனேன், வந்தேன். அதைச் சொல்ல ஒரு போனா.

அப்போதுதான் புண் வந்தது. காலைப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். அனுப்பின கை கீழே இறங்கவில்லை, போன் அடித்தது. ஐயோ என்னடி இது, எப்படிடி ஆச்சு, வலிக்குமேடி அதுக்கு என்று வனா பதறின பதற்றம் இந்திராணிக்கு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, குளிர்ந்த மோர் குடித்த மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு தினமும் போன். ராணி, கால் எப்படி இருக்கு. களிம்பு போட்டியா. நக்குதா. சாப்பிடுதா. தண்ணி குடிக்குதா. கால் எப்படி இருக்கு என்று தொடங்கி, கால் விஷயம் முடிந்ததும் ஒரு சின்ன மௌனம் விழும், அந்த மௌனத்தில் இந்திராணி ஏதாவது சொல்லத் தொடங்குவாள், அதற்குள் அங்கே யாராவது கூப்பிடுவார்கள், சரிடி நாளைக்குப் பேசறேன் என்று வைத்துவிடுவாள். அவ்வளவுதான், முயல் காலளவுதான் பேச்சு. ஆனாலும் அந்தக் குரலுக்காக மத்தியானத்திலிருந்தே காது திறந்துகொண்டிருக்கும். முசிறிப் பாய்க்காரர் தெருவில் வந்தபோது பாய் வாங்கினாள், அன்றைக்கே விரிக்கத்தான் வாங்கினாள், சத்தியமாக. விரிக்கப் போகும்போதுதான் அந்த நினைப்பு வந்து குறுக்கே நின்றது. தரை மாறினால் கால் ஆறிவிடும். கால் ஆறிவிட்டால் போன் நின்றுவிடும். அவ்வளவு நேரான கணக்கு. பாயைச் சுவரோரம் சாத்தினாள், நாளைக்கு விரிக்கலாம் என்று. அந்த நாளை இன்னும் வரவில்லை.

பாய்தான் சரி என்பதற்கு முன்னால் எத்தனையைப் பார்த்தாள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். தேர்ந்தெடுப்பதில் நாள் போனது, தள்ளிப்போட்டதில் இல்லை என்று சொல்லிக்கொள்ள அது உதவும். வலையைக் கழற்றிவிட்டுப் பலகையிலேயே விடலாமா என்றால், பலகையின் அடிப்பக்கம்வரை வார்னிஷ், முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிக்காமல் விடாது, வார்னிஷும் உள்ளே போகும். வெறும் மொசைக் தரையில் விட்டுப் பார்த்தாள். நாலு காலும் நாலு திசைக்கு விரிந்து வழுக்கி, ஓடப் பார்த்து ஓட முடியாமல், அது பயந்த பயத்தைப் பார்த்து வாரித் தூக்கிக்கொண்டாள். சாக்கை மடித்துப் போட்டாள். நூல் நூலாகப் பிரிந்தது, நகத்தில் மாட்டிக்கொண்டு காலை உதறியது. வாசல் தேங்காய்நார் மிதியடி புண்ணில் குத்தும். ரப்பர் அடிவைத்த மிதியடியைக் கடித்து விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். வனா விட்டுவிட்டுப் போன பழைய நூல் புடவை ஒன்று இருக்கிறது, மாம்பழ மஞ்சள், துவைத்துத் துவைத்துத் துணி பூவாகிவிட்டது, அதை மடித்துப் போட்டால் மெத்தென்று இருக்கும். எடுத்தாள், முகர்ந்தாள், மடித்துத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள். அதை முயல் ஓட்டை போட்டுவிடும் என்பது காரணம். உண்மையான காரணமும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. கடையில் கண் பார்க்க வருகிறவர்களிடம் இந்திராணி நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். இது நல்லாத் தெரியுதா, இல்ல இது நல்லாத் தெரியுதா. சட்டத்தில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுப் போட்டு. சிலர் உடனே சொல்வார்கள். சிலர் இரண்டும் ஒண்ணுதாம்மா என்பார்கள். சிலர் சொல்லப் பயந்துகொண்டு இவள் முகத்தையே பார்ப்பார்கள், எது சரி என்று இவள் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி. தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயப்படாதீங்க, உங்க கண்ணுக்கு எது தெரியுதோ அதச் சொல்லுங்க என்று அவர்களுக்குச் சொல்வாள், எவ்வளவு பொறுமையாகச் சொல்வாள். தன் கண்ணுக்கு எது தெரிகிறது என்று கேட்க ஆள் இல்லாததால் இவளுக்கு மட்டும் எல்லாம் மங்கலாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு சௌகரியம்.

கிண்ண விஷயம் வேறு. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிப்புக்குப் பின்னாலேயே துக்கமும் வருகிறது. முதலில் பிளாஸ்டிக் டப்பா. ஓரத்தையெல்லாம் ரவை அரித்துத் தள்ளியது. எவர்சில்வர் கிண்ணம் வைத்தால் முன்னங்காலால் ஒரு தட்டு, கிண்ணம் கவிழ்ந்து, தண்ணீரெல்லாம் கீழே பேப்பரில். அந்தக் கிண்ணத்தில் வனரோஜா என்று பெயர் வெட்டியிருக்கும்; கவிழ்ந்து கிடக்கும்போது பெயர் மேலே தெரியும். கொட்டாங்கச்சி உருண்டது. கனமாக, கவிழாததாக, கடித்தாலும் ஒன்றும் வராததாக வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கல்சட்டி என்று முடிவு பண்ணினாள். அதற்காகவே ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு கல்சட்டி வாங்கிவந்தாள். வாங்கிவந்தவள் என்ன செய்தாள். கல்சட்டியை யாராவது வாங்கினவுடனே பயன்படுத்துவார்களா. விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவி, வெயிலில் வைத்து, சூடாக வடிகஞ்சி ஊற்றி ஊற வைத்து, கொட்டி, மறுபடி தடவி, மறுபடி கஞ்சி, ஒவ்வொரு நாளும் முறையாக, பொறுப்பாக, சட்டி அடுப்பில் விரிசல் விடாமல் இருக்கப் பழக்கினாள். கை அது பாட்டுக்குச் செய்தது. கடைசி நாள் கழுவித் துடைத்து, தண்ணீர் ஊற்றி ரவையின் முன்னால் வைத்தபோதுதான், தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி மிதப்பதைப் பார்த்தாள். ரவை மூக்கை நீட்டியது, மூக்கை இழுத்துக்கொண்டது, திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தது. முயல் தண்ணி குடிக்கிற சட்டி அடுப்பில் எப்போது ஏறப் போகிறது, அடி பைத்தியமே. சத்தமாகச் சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் ரொம்ப நாளாக அப்படி யாரும் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே, ஏய் இங்க வந்து பாரேன் என்று சமையல் பக்கம் திரும்பினாள். சமையலறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அங்கே நிற்கிற ஆள் ஓசூரில் இருந்தாள். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். சாயங்காலம் போன் வந்தபோது சொல்லலாம் என்று வைத்திருந்தாள். கால் எப்படி இருக்கு, அப்படியேதான் இருக்கு, சரிடி பெரியவளுக்கு நாளைக்குப் பரீட்சை என்று அது முடிந்துவிட்டது. சட்டியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, வாசனை போக ஒரு வாரம் பிடித்தது. கல்சட்டி கதையை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கி, கூண்டின் காலடிக்கு வந்திருந்தது. கீழ்வீட்டில் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ரவை குனிந்து புண்ணை நக்கியது. நக்கி நக்கி, அதன் பற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மெல்லக் கேட்டது. வலி இருந்தால் அப்படி அரைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இப்படியே விட்டால் என்ன ஆகும், சீழ் பிடிக்கும், உள்ளே எலும்புக்குப் போகும், சாப்பாட்டை நிறுத்தும், நிறுத்தினால் முயல் தாங்காது. செத்துப்போகும். செத்துப்போனால் வனா வருவாள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் இந்திராணிக்குக் காது அடைத்தது. யார் நினைத்தது அது. அவள்தான் நினைத்தாள், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே. செத்துப்போனால் வனா முதல் பஸ் பிடித்து வருவாள், அழுவாள், இந்தப் பக்கத்தில் இதே தரையில் உட்கார்ந்து தோளில் சாய்ந்து அழுவாள், இரண்டு நாளாவது இருப்பாள். எவ்வளவு விவரமாக வந்தது அந்தப் படம். வனா என்ன புடவை கட்டியிருப்பாள் என்றுகூட வந்தது. பயந்துபோய்க் கூண்டுக் கதவைத் திறந்தாள். எதற்குத் திறந்தாள் என்று தெரியாமல் கையை உள்ளே விட்டு, முயலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வலைமேல் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மற்றக் கையையும் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கைகளில் இறக்கினாள். கம்பி மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. எடுத்துவிடத் தோன்றியது, எடுக்கவில்லை. இது பாட்டுக்கு ராத்திரியும் பகலும் இதன்மேல்தான் நிற்கிறது, இறங்கி உட்கார வேறு இடம் கிடையாது, கேட்கவும் தெரியாது. இதற்கு மேல் முடியாது என்ற பிறகு எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கட்டம் விழுந்திருந்தது. அவமானமாக இருந்தது. வாயில்லா ஜீவனை அடகு வைத்து ஒரு குரலை வாங்கிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்காமல் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பாயைப் பிரித்ததும் ஏரிக்கரை வாசனை அடித்தது. இரண்டு ஓரத்திலும் சிவப்பும் பச்சையுமாகச் சாயக்கோடு ஓடியது. சாயம் வயிற்றுக்குள் போகக் கூடாது, இரண்டு ஓரத்தையும் நீளமாக வெட்டி எறிந்தாள். நடுவில் சாயமில்லாத வெறும் கோரை, தின்றாலும் புல் தின்ற கணக்குத்தான். இனி கோரையைக் கோத்துப் பிடிக்கிற பாவு நூல். இப்போதெல்லாம் நைலான் நூலில் பின்னிவிடுகிறார்கள், அதை விழுங்கினால் வம்பு. ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். இதைக் கற்றுக்கொடுத்தது வனாதான். தையல் கடையில் சுத்தமான பருத்தி என்று யாராவது துணி கொண்டுவந்தால், ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்துவாள். சுருண்டு உருண்டையாகக் கெட்டிப்பட்டால் உங்களை ஏமாத்திட்டாங்கம்மா என்று இழுத்துச் சொல்வாள், அதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். இது சுருளவில்லை. பேப்பர் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. நல்ல நூல். ரவையைத் தூக்கிக் குளியலறை வாளிப் பக்கத்தில் விட்டு, குறட்டால் வலையைப் பிரித்தாள்; கட்டின முடிச்செல்லாம் வனா போட்டது, ஒவ்வொன்றும் உயிரை வாங்கியது. பலகைமேல் பழைய போர்வையைத் தடியாக மடித்துப் போட்டு, வார்னிஷ் தெரியாமல் பாயை விளிம்பு வரை அடக்கி விரித்து, மூலைகளை அழுத்தினாள். அழுக்காகிறபோது மாற்ற இன்னொரு துண்டும் வெட்டி வைத்தாள். இனி தினமும் கூட்ட வேண்டும், தட்ட வேண்டும், வெயிலில் போட வேண்டும். போட்டால் போகிறது, வேலை இல்லாமலா இருக்கிறாள். மூலையில் கல்சட்டி. களிம்பு தடவி ரவையை உள்ளே விட்டாள். அது அசையாமல் நின்றது. ஒரு காலைத் தூக்கியது, பழக்கம் விடவில்லை. வைத்தது. மறுகாலைத் தூக்கவில்லை. பாயின் ஓரத்தைக் கொஞ்சம் கொறித்துப் பார்த்தது. சட்டியில் வாயை வைத்து, தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக விழ, நிறைய நேரம் குடித்தது. பிறகு பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து, பின்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்துவிட்டது. இத்தனை நாளில் அது கால் நீட்டிப் படுத்து இந்திராணி பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"ராணி, கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லடி. வலையைப் பிரிச்சுட்டேன். கோரைப்பாய் விரிச்சிருக்கேன். கால நீட்டிப் படுத்துத் தூங்குது."

"அப்பாடா." வனா மூச்சு விடுவது கேட்டது. "இனிமே தானா ஆறிடும், என்ன. தினம் ராத்திரி இதே நெனப்பாத்தான் இருந்துச்சு எனக்கு. சரிடி, அடுப்புல குக்கர் இருக்கு, வச்சிடட்டுமா?"

வச்சுக்கோ என்றுதான் எப்போதும் சொல்வாள். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது. வைத்துவிட்டால் இனி எப்போது. பொங்கலுக்கு. அதற்கப்புறம் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்.

"பாய் வாங்கி ரொம்ப நாளாச்சு வனா."

"என்னது?"

"வாங்கி சுவத்துல சாத்தி வச்சிருந்தேன். விரிக்கல."

"ஏன்?"

"விரிச்சா கால் ஆறிடும். ஆறிட்டா நீ போன் பண்ண மாட்ட."

கட்டாகிவிட்டதோ என்று இந்திராணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வெளிச்சம் இருந்தது, திரும்ப வைத்துக்கொண்டாள்.

"பாவி," என்றாள் வனா. குரல் தடித்திருந்தது. "அது வலியில எப்படித் துடிச்சிருக்கும்."

"ஆமா," என்றாள் இந்திராணி.

தூரத்தில் குக்கர் கத்தியது. சித்தி, சித்தி என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது. இதோ வரேன் என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், இன்றைக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள். "நீயே போய் அணைச்சுடு கண்ணு, நான் பேசிட்டிருக்கேன்," என்று வனா போனுக்கு வெளியே சொன்னாள். செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ராணி."

"ம்."

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

இந்திராணி யோசித்தாள். ரவை காலையில் அருகம்புல் தின்றது, பத்து மணிக்கு மேல் முள்ளங்கிக் கீரை, அப்புறம் கொத்தமல்லித் தண்டு, அதில் பாதியை வைத்துவிட்டது. எல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. தான் தட்டு வைத்தது மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை.

"தெரியலடி," என்றாள். "ஞாபகமே இல்ல."

"எந்திரி," என்றாள் வனா. "எந்திரிச்சுப் போய் அரிசியக் களை. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."

இந்திராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து, அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"எவ்வளவு போடறே?" என்றாள் வனா.

"ஒரு டம்ளர்."

"ம். தண்ணி விடு," என்றாள் வனா.